துணைக்கு வந்தவள்

மூன்றாவது பெஞ்சில் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிற பொம்பளைக்குப் படிக்கத் தெரியும். நன்றாகவே தெரியும். துளசிமணிக்கு அதில் கடுகளவும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அவளை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது யார் என்பதில்தான். துளசிமணி கரும்பலகையில் பஸ் ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். சக்கரம் கோழிமுட்டையாகக் கோணிக்கொண்டது. கோணட்டும். கை பஸ்ஸை வரைய, மனசு முதுகு வழியாக அந்த மூன்றாவது பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. பனியன் கம்பெனியில் பதினோரு வருஷம் செக்கிங் பார்த்த உடம்பு அது, சும்மா விடுமா? டேபிளில் வந்து விழுகிற பீஸை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே தூக்கினால் ஊசி ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, தையல் விட்டுப்போன இடமோ தானாக வந்து கண்ணில் குத்தும். அம்புக்குறி போட்ட குட்டி ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டித் தள்ளிவிட வேண்டியதுதான். டேமேஜ் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச அந்தக் கம்பெனியில் ஆள் கிடையாது. நல்ல பீஸ் எப்படி இருக்கும் என்று கேட்டால்தான் அவளுக்குச் சொல்லத் தெரியாது. நல்ல பீஸில் பார்க்க என்ன இருக்கிறது, கை தானாகத் தள்ளிவிடும். வீட்டிலும் அதே கண்தான். பால்காரர் ஊற்றுகிற பாலில் தண்ணீர், மகள் சொல்கிற ஸ்பெஷல் கிளாஸில் பொய், புருஷன் சிரித்தால் அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று. மனசுக்குள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே இருப்பாள்.

மாநகராட்சிப் பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பு அறை இது. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இங்கே சாயங்கால வகுப்பு. குட்டி பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவே பெரியவர்களின் முழங்கால் நுழையாது. எல்லோரும் காலை வெளியே போட்டு ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார்கள். இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி எடுக்கிறாள் துளசிமணி. இன்று அவளுக்குச் செய்முறைப் பாடம். மார்க் போடுகிறவர் பயிற்சி மையத்து ஐசக் சார். கடைசியில் பிள்ளைகளின் நாற்காலி ஒன்றில் முழங்கால் தாடையை இடிக்க மடங்கி உட்கார்ந்து, மடியில் ஃபைலை விரித்து வைத்திருந்தார். போன தடவை அவளைக் கவிழ்த்தவர் அவர்தான். அன்றைக்கு ஒரு கொத்தனாருக்குப் பாதி நேரம் கையைப் பிடித்து 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தாள். அந்த மனுஷரோ கிளம்பும்போது சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி நோட்டீஸைக் கடகடவென்று வாசித்துவிட்டுப் போனார். "கற்போருக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு பாக்காமலே பாடம் நடத்தறீங்க" என்று ஐசக் சார் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் இந்த வருஷம் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லையென்றால் அவள் தெருவில் புதிதாகத் திறக்கிற மையத்தில் வேலை கிடையாது. பிறகென்ன, பழையபடி செக்கிங் டேபிள்தான். நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை, வீங்கின முழங்கால், வெந்நீர் ஒத்தடம். கூடப் பயிற்சி எடுக்கிற ஷாஹிதா வேறு நேற்று டீ குடிக்கும்போது காதில் போட்டுவிட்டாள்: "போன பேட்ச்ல வேணும்னே ஒரு டைப்பிஸ்ட்ட கற்போர் மாதிரி நடுவுல உக்கார வெச்சாங்களாம் துளசிக்கா. கண்டுபிடிக்காதவங்க அத்தன பேரும் அவுட்டாம்." யார் சொன்னது என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை, யாரோ சொன்னார்களாம். டீ ஆறிப்போனது. அந்த டைப்பிஸ்ட் மட்டும் துளசிமணியின் மனசை விட்டு நகரவில்லை.

இதோ இருக்கிறாள் அந்த டைப்பிஸ்ட். தெய்வானை என்று பேர் சொன்னாள். ஐம்பது வயசிருக்கும். கஞ்சி போட்ட காட்டன் சேலை, மூக்கில் கண்ணாடி, தோளில் மாட்டின பையின் வாரில் ஒரு பேனா. எழுதத் தெரியாதவளுக்குப் பேனா எதற்கு? முதல் ஸ்டிக்கர் அங்கே விழுந்தது. உள்ளே நுழையும்போதே யாரும் கேட்காமல் சொன்னாள், "நான் படிக்க வரலீங்க. எங்க லைன் வீட்டுச் சின்னப்பொண்ணுக்குத் துணைக்கு வந்தனுங்க." பட்டப்பகல் போல வெளிச்சம் இருக்கிற சாயங்காலத்தில், அடுத்த தெருவிலிருந்து வருகிறவளுக்குத் துணை எதற்கு? இரண்டாவது ஸ்டிக்கர். அந்தச் சின்னப்பொண்ணோ, பேர்தான் சின்னப்பொண்ணு, பேரப்பிள்ளை எடுத்தவள், வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்: "அக்காவுக்கு எல்லாம் தெரியுமுங்க டீச்சர். எங்க லைன்ல யாருக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் அக்காகிட்டத்தான் கொண்டுபோய்க் குடுப்போம். வாங்கி வெச்சுக்கிட்டு மறுநாள் வெவரமாச் சொல்லிப்போடுவாங்க." மறுநாளா? கையில் இருப்பதைப் படித்துச் சொல்ல மறுநாள் வரைக்கும் என்ன பந்தா என்று துளசிமணி நினைத்துக்கொண்டாள். வருகைப் பதிவில் மற்றவர்கள் கட்டைவிரலை மையில் தோய்க்க, தெய்வானை கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டாள். ரேஷன் கடைக்காரர்கூட அப்படிப் போட மாட்டார். பாடப் புத்தகத்தைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடிக்கவில்லை. கண் இடமிருந்து வலமாகப் போகிறது, வரி முடிகிற இடத்தில் திரும்பி வருகிறது. பக்கம் திருப்புகிறாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? கண்டுபிடித்தாயிற்று. எப்போது, எப்படி அம்பலப்படுத்துவது என்பதுதான் பாக்கி. சும்மா சொன்னால் போதாது, ஐசக் சார் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

"இது என்னங்க?" என்று பஸ் படத்தைக் காட்டிக் கேட்டாள். "முட்டைச் சக்கர வண்டிங்க" என்றார் முன் பெஞ்சுப் பெரியவர், எல்லோரும் சிரித்தார்கள், துளசிமணியும் சிரித்தாள், ஐசக் சார் சிரித்தாரா என்று பார்த்தாள், குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறார்? சிரிப்பை எழுதுகிறாரா, சக்கரத்தை எழுதுகிறாரா? மேஜை டிராயருக்குள் போன் ஒரு தடவை உறுமியது. அவனாக இருக்காது. அவன் எந்தக் காலத்தில் பதில் போட்டிருக்கிறான்? மத்தியானம் சாப்பிடாமல்கூட உட்கார்ந்து புருஷன் சென்னியப்பனுக்கு வாட்ஸப்பில் இத்தனை நீளத்துக்கு அனுப்பியிருந்தாள்: 'உங்களுக்கும் உங்க பட்டறை பேக்கிங் விஜயாவுக்கும் என்ன பேச்சு? எப்பப் பாத்தாலும் உங்க போன் அவ கையில எப்படி இருக்குது? நான் படிச்சு வேலைக்குப் போறது பிடிக்காதது எனக்குத் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்கூல் கேட்டுக்கு வந்து பதில் சொல்லுங்க. வரலைன்னா உங்க துணிமணியை எடுத்துக்கிட்டு அவ வீட்டுக்கே போயிருங்க.' ரெண்டு டிக்கும் நீலமாகியும் ஆயிற்று. பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு, கல்லு மாதிரி இருக்கிறான். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். எது அனுப்பினாலும் பார்ப்பான், பதில் வராது, ராத்திரி வந்து "என்ன புள்ள, என்னமோ போட்டிருந்தியே" என்பான், தெரியாத மாதிரி. நடிப்பு. சாயப்பட்டறையில் நிறம் பார்க்கிற வேலை அவனுக்கு. நனைந்த துணியைக் கையில் பிழிந்து, காய்ந்தால் இன்ன ஷேடு வரும் என்று அங்கேயே சொல்வான், அத்தனை கூர்மை. அந்தக் கண்ணுக்கு ஒரு மெசேஜ் தெரியாதாம். கேட்டால், "சாயத்தண்ணி ஆவி புள்ள, கண்ணு எரியுது, நீயே சொல்லு." மகளின் ரேங்க் கார்டு வந்தாலும் கண் எரிச்சல், பேங்குக்குப் போனாலும் கண் எரிச்சல். விஜயா பக்கத்தில் இருக்கும்போது மட்டும் எரியாது போல.

இன்றைக்குப் பாடம் பஸ் போர்டு. வயசானவர்களுக்கு அணில், ஆடு என்று தொடங்கக் கூடாது, அவர்களுக்குத் தினம் எது வேண்டுமோ அதிலிருந்து தொடங்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால் ஊர்ப் பேரை அட்டையில் பெரிதாக எழுதி, வீட்டிலிருந்து பழைய நியூஸ்பேப்பர் தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். பல்லடம். அவிநாசி. காங்கேயம். "இந்த அட்டையில இருக்கறது பல்லடம். எல்லாரும் பாருங்க, நீளமா எப்படி இருக்குது, முதல்ல என்ன, கடைசியில என்ன." எல்லோரும் பார்த்தார்கள். திரும்பத் திரும்பக் கலைத்துக் காட்டினாள். கூட்டமாகக் கத்தினார்கள், சின்னப்பொண்ணு மட்டும் சட்டென்று பிடித்துக்கொண்டாள், அவிநாசி என்று முதலில் கத்துவது அவள்தான். தெய்வானையும் சொன்னாள். ஆனால் ஒரு நொடி தள்ளி. துளசிமணியின் காது அதைப் பிடித்தது. எல்லோர் குரலும் எழுந்த பிறகு, அதன் மேலேறி, கடைசியில் எல்லோரையும் விடச் சத்தமாகச் சொல்லி முடித்தாள். அடடா, என்ன கெட்டிக்காரத்தனம். முந்திக்கொண்டால் மாட்டிக்கொள்வோம் என்று பிந்துகிறாள். தெரியாதவள் மாதிரி காட்ட வேண்டுமே. காங்கேயம் அட்டையைக் காட்டும்போது தெய்வானையின் கண் அட்டையில் இல்லை, சின்னப்பொண்ணின் வாயில் இருந்தது. அதையும் துளசிமணி பார்த்தாள். எதையும் விடவில்லை அவள், அதற்குத்தானே சம்பளம் வாங்கினாள் இத்தனை வருஷம். தெய்வானைக்கென்ன, படிக்கத் தெரிந்தவள், அட்டையைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, பக்கத்தில் இருப்பவளுக்கு எவ்வளவு தெரிகிறது என்று வேவு பார்க்கிறாள், போய் ஐசக் சாரிடம் சொல்ல. ஐசக் சார் ஒரு தடவைகூடத் தெய்வானைப் பக்கம் பார்க்கவில்லை. அதுதான் பெரிய ஸ்டிக்கர். தெரியாத ஆள் என்றால் இயல்பாகப் பார்த்திருப்பார் அல்லவா?

பேப்பர். ஆமாம், பேப்பரை வைத்தே பிடித்துவிடலாம். அந்த யோசனையோடு, காலையில் சென்னியப்பன் பேப்பரோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்ததும் கூடவே வந்தது. அவனுக்குத் தினம் பேப்பர் வேண்டும். டீக்கடையில் டீயைக் குடித்துவிட்டு, வரும்போதே பேப்பரும் வாங்கி வருவான். படியில் விரித்து, முழுக்கப் புரட்டி, மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போவான். போகிற போக்கில் ஏதாவது சொல்வான், நொய்யலில் தண்ணீர் வருதாம், நூல் விலை ஏறுதாம், பேப்பரில் போட்டிருக்கான் என்று. துளசிமணி சும்மா இருப்பாளா, எடுத்துப் பார்ப்பாள். இருக்காது. முன்பக்கம், பின்பக்கம், உள்ளூர்ப் பக்கம், எங்கேயும் இருக்காது. ஒரு நாள் கையோடு பிடித்துவிட்டாள். "எங்க போட்டிருக்குது, காட்டுங்க பாக்கலாம்." அவன் பேப்பரை வாங்கினான், விரித்தான், கட்டைவிரல் தாளின் மேல் ஊர்ந்தது, ஊர்ந்து ஒரு ஓரத்தில் நின்றது. அவளைப் பார்த்தான். என்ன பார்வை அது? திருட்டுப் பார்வையும் இல்லை, கோபமும் இல்லை. "இருந்துச்சு புள்ள, நீ பாக்கல" என்று மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தது, இவன் வாயில் வருவதெல்லாம் பொய், செய்தியைக்கூட எவளோ சொல்லிக்கொடுத்து அனுப்புகிறாள். இந்தப் பயிற்சிக்குச் சேரும்போதும் எப்படி முறுக்கிக்கொண்டான். "வாத்தியார் வேலையெல்லாம் உனக்கு எதுக்கு? வீட்ல வந்தும் பாடம் எடுப்பியா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான், முகம் மட்டும் வெளுத்திருந்தது. பொறாமை. பயிற்சியில் 'கற்போரின் மனநிலை' என்று ஒரு முழு மத்தியானம் பாடம் நடந்தது. ஷாஹிதா கண் கலங்கிப்போய் வெளியே வந்தாள். துளசிமணி அதைக் கேட்கவே இல்லை. அந்த நேரம் வராண்டாவில் நின்று சாயப்பட்டறைக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள், அவன் நிஜமாகவே ஷிப்டில் இருக்கிறானா என்று. இருக்கிறார் என்றார்கள். கேட்ட மாத்திரத்தில் இருக்கிறார் என்கிறார்களே, சொல்லி வைத்திருப்பானோ என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

"தெய்வானைக்கா" என்று கூப்பிட்டாள். குரல் தேன் மாதிரி வந்தது, அவளுக்கே ஆச்சரியம். "உங்களுக்கு எல்லாம் தெரியுமுன்னு சின்னப்பொண்ணுக்கா சொன்னாங்க. இங்க முன்னால வந்து ஒரு நாலு வரி பேப்பர் படிச்சுக் காட்டுங்களேன். எல்லாரும் கேக்கட்டும்." தெய்வானை எழுந்திருக்கவில்லை. "நான் துணைக்குத்தானுங்க வந்தேன்" என்றாள். "தெரியுமுங்க, சும்மா படிங்க" என்றாள் துளசிமணி. "கண்ணாடி பவர் மாறிப்போச்சுங்க, டாக்டர்கிட்டப் போகோணும்." "பரவால்லீங்க, தெரியற வரைக்கும் படிங்க." சின்னப்பொண்ணு முழங்கையால் இடித்தாள், "போக்கா, டீச்சரே கூப்படறாங்க, நம்ம லைன் மானத்தக் காப்பாத்து." பெருமை அவளுக்கு. தெய்வானை டெஸ்க்கைப் பிடித்து எழுந்து, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். அட்டை சுற்றி வந்த தாள் மேஜையில் சுருண்டு கிடந்தது. துளசிமணி அதை எடுத்து, கசங்கலை நீவி, தெய்வானையின் கையில் திணித்தாள், தாளைப் பார்க்கக்கூட இல்லை, அவள் கண் ஐசக் சார் மேல் இருந்தது. நிமிர்ந்துவிட்டார் மனுஷர். பாருங்கள், நன்றாகப் பாருங்கள். தெய்வானை தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள், கண்ணாடியைச் சரிசெய்தாள், தொண்டையைச் செருமினாள். பிறகு படித்தாள். அடேங்கப்பா, அது படிப்பா, ரேடியோவா? "மாவட்டத்தில் நேற்று மாலை பலத்த மழை பெய்தது. தாழ்வான பகுதிகளில் தண்ணீர் தேங்கியதால் பொதுமக்கள் அவதிக்குள்ளாகினர். ஆபரணத் தங்கத்தின் விலை இன்று மீண்டும் உயர்ந்து காணப்பட்டது." ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. கண் இடமிருந்து வலமாக ஓடியது, திரும்பியது, ஓடியது. முடித்ததும் சின்னப்பொண்ணு கையைத் தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். முன் பெஞ்சுப் பெரியவர், "கலெக்டர் கெட்டாங்க போங்க" என்றார். துளசிமணிக்கு உடம்பெல்லாம் குளுகுளுவென்று இருந்தது. மாட்டினாயா? இத்தனை நாள் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சந்தேகம், முழுசாக, பிசிறில்லாமல், கண்ணெதிரே நிஜமாகியிருக்கிறது. தாளை வாங்கக் கையை நீட்டினாள்.

தெய்வானை விடவில்லை. தாள் இருவர் கையிலும் இருந்தது. அவளுடைய கட்டைவிரல் தாளை அழுத்திக்கொண்டிருந்த இடம் நடுங்கியது. அந்த நடுக்கம் காகிதத்தில் ஏறி துளசிமணியின் விரலுக்கு வந்தது. அப்போதுதான் துளசிமணி தாளைப் பார்த்தாள். மழை இல்லை. தங்கம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமைத் தாள் அது. பக்கம் முழுக்க விளம்பரம். பெரிய வளைவு போட்ட வாசல், அப்பா அம்மா ரெண்டு பிள்ளைகள் சிரிக்கிற படம், வீட்டு மனைகள் விற்பனைக்கு, தார் ரோடு, தெருவிளக்கு, உடனே குடியேறலாம். படம் நேராக இருந்ததால் தாள் நேராக இருந்தது, அவ்வளவுதான். துளசிமணி நிமிர்ந்தாள். தெய்வானை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருட்டுப் பார்வை இல்லை, கோபமும் இல்லை. காட்டிக்கொடுத்துவிடாதே என்கிற பார்வை. இதைப் பார்த்திருக்கிறேனே. வாசற்படியில். பேப்பர் ஓரத்தில் நின்ற கட்டைவிரல். இருந்துச்சு புள்ள, நீ பாக்கல. ஐயோ. சாயத்தண்ணி ஆவி, கண் எரிச்சல், பவர் மாறின கண்ணாடி, பத்திரிகையை வாங்கி வைத்து மறுநாள் சொல்வது, ஒரு நொடி தள்ளிச் சொல்வது, என்னமோ போட்டிருந்தியே. டீக்கடையில் பத்துப் பேர் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்து வீட்டில் எனக்குச் சொல்லியிருக்கிறான். எனக்குச் சமமாக உட்கார. நான் டிகிரி படித்தவள் என்று அவன் அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பெண் எடுத்தாள், இவன் எட்டாவது என்று சொன்னார்கள், யார் பார்த்தது? எத்தனையோ வருஷமாக ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கிறேன், பாலில் தண்ணீர் கண்டுபிடித்தவள், இதைக் கண்டுபிடிக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டினேன், அம்பு மட்டும் வேறு பக்கம் பார்த்தது. அப்படியென்றால் விஜயா? அவள் கையில் அவன் போன். அவள்தான் படித்துச் சொல்கிறாளா? என் மெசேஜை எல்லாம் அவள்தான்... மத்தியானம் அனுப்பியது. அதையும் விஜயாவிடம் நீட்டி, என்ன போட்டிருக்கா பாரு என்று கேட்பானே. அவள் அதைச் சத்தம்போட்டுப் படிப்பாளே.

"துளசிமணி" என்றார் ஐசக் சார், எழுந்து முன்னால் வந்துகொண்டே. "அந்தம்மா இவ்வளவு சரளமாப் படிக்கறாங்க. அவங்கள உக்கார வெச்சு இவ்வளவு நேரமும் பஸ் போர்டு சொல்லிக்குடுத்திருக்கீங்க. போன தடவ இதத்தானே சொன்னேன்?" அப்படியென்றால் அவர் உட்கார வைத்த ஆள் இல்லை. டைப்பிஸ்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரு வார்த்தை போதும். சார், இந்தத் தாளைப் பாருங்க. பார்த்தால் அசந்துபோவார். யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்று மார்க் அள்ளிப் போடுவார். நாளைக்கு மொத்த பேட்சுக்கும் இதையே பாடமாகச் சொல்வார், அவருக்கு உதாரணம் சொல்வதென்றால் கொள்ளை ஆசை, பேரோடு ஊரோடு சொல்வார், இரண்டு நாளில் இந்தத் தெரு முழுக்கப் போய்விடும். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாலும் அதே கதைதான். முழங்கால் விண்ணென்று வலித்தது, எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்பது போல. தெய்வானையின் விரல் இன்னும் தாளில் இருந்தது. பின்னால் சின்னப்பொண்ணு இன்னும் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். துளசிமணி தாளை மெதுவாக இழுத்தாள், எழுத்து உள்ளே போகிற மாதிரி மடித்தாள். "அக்கா நல்லாப் படிச்சாங்க சார்" என்றாள். "நாந்தான் முன்னாலயே விசாரிக்காம விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்." ஐசக் சார் ஃபைலைத் திறந்தார். "கவனிக்கற கண்ணு உங்களுக்கு வரலீங்களே" என்று நிஜமான வருத்தத்தோடு சொன்னார். குனிந்து எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை அவளுக்கு. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, பைக் சாவியைத் தேடிக்கொண்டே போய்விட்டார்.

எல்லோரும் கலைந்தார்கள். சின்னப்பொண்ணு தண்ணீர்க் குழாயில் கை கழுவப் போனாள். தெய்வானை மட்டும் பையைத் தோளில் மாட்டுவதும் எடுப்பதுமாக மேஜை அருகே நின்றுகொண்டிருந்தாள். துளசிமணிக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. எப்படிக் கேட்பது, கேட்டால் தெரிந்துகொண்டதைச் சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று வாய் வரவில்லை. டிராயரைத் திறந்து போனை எடுத்தாள். அந்த நீள மெசேஜ் அப்படியே இருந்தது. அழுத்திப் பிடித்து, இருவருக்கும் அழித்தாள். இனி அங்கே அழிக்கப்பட்டது என்று ஒரு வரிதான் இருக்கும். அதற்குள் விஜயா படித்துச் சொல்லியிருந்தால்? "டீச்சரம்மா" என்றாள் தெய்வானை, வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிகத் தாழ்ந்த குரலில். "அந்தத் தாள்ல நெசமா என்னதானுங்க போட்டிருக்குது?"

துளசிமணி மடித்த தாளைப் பிரித்து மேஜையில் விரித்தாள். "மனை விக்கறாங்கக்கா. பல்லடம் ரோட்டுல."

"பல்லடமா? நீங்க அட்டையில காட்டுன பல்லடமா?"

"அதேதானுங்க."

"அது இதுல இருக்குதா? எங்க?"

துளசிமணி காட்டவில்லை. அட்டையை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். தெய்வானை கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். குனிந்தாள். அட்டையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், திரும்ப அட்டையைப் பார்த்தாள். இப்போது கண் இடமிருந்து வலமாக ஓடவில்லை. தட்டுத் தடுமாறி, நின்று, பின்னால் போய், எழுத்து எழுத்தாகத் தடவிக்கொண்டு போனது. வெளியே குழாயில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. விரல் வளைவு வாசல் படத்துக்குக் கீழே இறங்கி, ஒரு இடத்தில் நின்றது. "இதுங்களா?" ஆமாம் என்றாள் துளசிமணி. விரல் இன்னும் கீழே போய், போன் நம்பருக்கு மேலே பொடி எழுத்தில் இருந்த இன்னொரு பல்லடத்தின் மேல் தானாகப் போய் நின்றது. "இங்கயும் இருக்குதுங்க" என்றாள். அழுதுவிடுவாள் போல இருந்தது, அழவில்லை. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "நாளைக்கும் இவளுக்குத் துணைக்கு வரோணுமுங்க."

"வாங்கக்கா. துணைக்கே வாங்க."

அவர்கள் போன பிறகு, மூன்றாவது பெஞ்சில், தெய்வானை உட்கார்ந்திருந்த இடத்திலேயே ஒருக்களித்து உட்கார்ந்து சென்னியப்பனுக்குப் போன் போட்டாள். நெடுநேரம் அடித்தது. எடுத்தான். பின்னால் மெஷின் இரைச்சல்.

"ஏனுங்க" என்றாள்.

"என்ன புள்ள? மத்தியானம் என்னமோ நீளமாப் போட்டிருந்தியே. பாத்தேன். இன்னைக்குன்னு பாத்து விஜயா லீவு... இல்ல, கண்ணு எரிச்சல் தாங்கல, அதான்..." நிறுத்திக்கொண்டான். மூச்சு மட்டும் கேட்டது. எத்தனை பயம் அந்த மூச்சில், இத்தனை வருஷம் இதைத்தான் அவள் வேறு என்னவோ என்று கேட்டுக்கொண்டிருந்தாளா?

"ஒண்ணுமில்லீங்க" என்றாள். "ஆறு மணிக்கு ஸ்கூல் கேட்டுக்குக் கூப்பிட வாங்கன்னு போட்டிருந்தேன். வாயாலயே சொல்லிடலாம்னுதான் கூப்பிட்டேன்."

"அவ்வளவுதானா போட்டிருந்தே?"

"அவ்வளவுதானுங்க."

"இதோ வந்தர்றேன்" என்றான். அவள் கரும்பலகையைத் துடைக்க எழுந்தாள்.